கேட்கலையே, அதனால சொல்லலை

ஒருவர் வேலையிலிருந்து நிற்கும்போது கம்பெனி கடைசியாகக் கையில் கொடுக்கிற தாளை எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டில்மென்ட் ஷீட் என்போம். அச்சு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வரிகள் ஏறக்குறைய ஒன்றுதான். நிலுவைச் சம்பளம், எடுக்காத விடுப்புக்குப் பணம், போனஸ் பங்கு, அட்வான்ஸ் பிடித்தம், கேன்டீன் பாக்கி, யூனிஃபார்மும் அடையாள அட்டையும் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு டிக். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து. ‘எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதும் இல்லை.’ என் சித்தப்பா மகன் சில வருடங்களுக்கு முன் அப்படியொரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கேன்டீன் பாக்கியென்று 340 ரூபாய் பிடித்திருந்தார்கள். “நான் கேன்டீன்ல சாப்பிட்டதே இல்லைங்க அக்கா, வீட்டுல இருந்துதான் டப்பா. இதை எப்படிங்க பிடிக்கலாம்?” என்று கொதித்துக்கொண்டிருந்தான். நான் ஹெச்.ஆரில் இருப்பவள், அதனால் என்னிடம் வந்தான். அந்த 340 ரூபாயைத் தேடிப் போன கண் இரண்டு வரி தள்ளி, கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்ற இடத்தில் நின்றுவிட்டது. எதிரே ‘என்.ஏ.’ என்று மட்டும் இருந்தது. பொருந்தாதாம். அவன் அங்கே வேலை பார்த்தது 4 வருடம் 10 மாதம்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் ஆக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரிதான் தெரியாது. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்தின் 2ஏ பிரிவு, தொடர்ச்சியான பணி என்றால் எது என்று கணக்குச் சொன்னது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடம். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக ஓடும் இடங்களிலும், சுரங்கத்துக்கு அடியிலும் 190 நாளே போதும். இதை வைத்து, ஐந்தாம் வருடத்தில் 240 நாளைத் தாண்டியவருக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1990களிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தம்பிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய். அதை 26ஆல் வகுத்தால் 600, பதினைந்து நாளுக்கு 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஒரு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால் ஐந்து வருடம். ஆக 45,000 ரூபாய். அவன் 340 ரூபாய்க்காகச் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தான்.

அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். என்னோடு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். கம்பெனியையும் அவளையும் இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. சொல்லி ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை, ஏனென்றால் நான் பார்த்தவரை பாதிப் பேர் அப்படித்தான். போன் போட்டேன். 240 நாள் கணக்கு அவளுக்குத் தெரியாமல் இல்லை. வகுப்பில் தொழிலாளர் சட்டத்தில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். கொஞ்ச நேரம் மற்ற கதையெல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தபோது அவள் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. “அவர் கேட்கலையே. கேட்டிருந்தா கண்டிப்பாப் பார்த்திருப்பேன்.” மழுப்பவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் கிடையாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மோசடி என்றால் கோபப்பட்டுவிட்டு மறந்துவிடலாம். இங்கே ஒருத்தருக்கு விதி தெரியும், எதிரே இருப்பவருக்குத் தெரியாது. தெரியாதவர் கேட்டால் தெரிந்தவர் சொல்வார். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாதவர் எதைக் கேட்பார்? தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்பதே தெரியாதவரிடம் ‘நீங்க கேட்டிருக்கலாமே’ என்று சொல்லும் இடத்தில்தான் எங்கள் தொழில் முழுக்க உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்கு இரவு எனக்குத் தோன்றியது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

மனிதவள மேலாண்மையின் அடிப்படை என்று பாடத்தில் படித்ததெல்லாம் ஒரு வரிசை. ஆள் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடு, தேடு, எடு, பழக்கு, அளந்து பார், சம்பளம் கொடு, அனுப்பி வை. கடைசி அத்தியாயம் எப்போதும் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் நடக்கும். பத்துப் பக்கம், அதிலும் பாதி ராஜினாமாக் கடித மாதிரிகள். முதல் அத்தியாயங்களுக்கோ படம் போட்ட சார்ட், வெள்ளைக்காரர்களின் கோட்பாடு, செமினார். வேலைக்கு வந்த பிறகும் அதே கதைதான். ஆள் எடுத்ததற்குப் பாராட்டு உண்டு, இன்டக்ஷனுக்குக் கேக் உண்டு, ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் உண்டு. நிற்கிறவரின் தாளைச் சரியாகப் போட்டதற்கு யாரும் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

மேஸ்திரிக்குப் பதிலாக வந்தவர்

எங்கள் மாமனார் பஞ்சாலைக்காரர். அவருக்கு ஹெச்.ஆர். என்று சொன்னால் புரியாது, டைம் ஆபீஸ் என்றால்தான் புரியும். மஸ்டர் ரோல், பத்லி லிஸ்ட், ஷிப்ட் மாற்றம், பி.எஃப். சீட்டு எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் நடக்கும். அதற்கும் முந்தின காலத்தில் ஜன்னல்கூடக் கிடையாது. பம்பாய் மில்களில் ஜாபர், இங்கே மேஸ்திரி. ஆளை எடுப்பதும் அவர், நிறுத்துவதும் அவர், இடையில் மாமூல் வாங்குவதும் அவர். முதலாளிக்குத் தன் மில்லில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்றே சரியாகத் தெரியாது. தொழிலாளிக்குத் தன்னை யார் எடுத்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் நியமிக்கப்பட்டு 1931இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன், விட்லி கமிஷன் என்பார்கள், இந்த வழக்கத்தை உடைக்க ஒரு யோசனை சொன்னது. ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் மேஸ்திரி கையிலிருந்து பிடுங்கி, தொழிலாளர் அலுவலர் என்று தனியாக ஒருவரைப் போட்டு, அவரை ஆலையின் பொது மேலாளரைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்படாதவராக வைக்க வேண்டும் என்றது. நேர்மையானவராக இருக்க வேண்டும், தொழிலாளர் பேசும் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்கள் தொழிலின் இந்தியப் பாட்டன் அவர்தான். அதற்கு முன்பே சென்னையில் வேறொரு வழி திறந்திருந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் குறை சொல்ல ஆளில்லாமல் தவித்தவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் மூலமாக, அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. துணைத் தலைவரானார். உள்ளே கேட்க ஆள் இல்லாததால் வெளியே போனார்கள் என்று நான் அதைப் படித்துக்கொள்வேன். சங்கத்துக்காரர்கள் இந்த விளக்கத்தை ஏற்க மாட்டார்கள், ஹெச்.ஆர். இருந்திருந்தால் சங்கமே வேண்டியிருக்காது என்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. இருந்திருந்தாலும் வேண்டியிருக்கும்.

சுதந்திரம் வந்த கையோடு 1948இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 500 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது 49ஆம் பிரிவு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சம்பளம் கொடுப்பது கம்பெனி, ஆனால் அவருடைய கடமை என்ன, தகுதி என்ன, பணி நிபந்தனை என்ன என்று வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. பல மாநில விதிகளில் நல அலுவலர் தொழிலாளருக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது என்றுகூட எழுதி வைத்தார்கள். கூலி கொடுப்பவர் ஒருவர், வேலை என்னவென்று சொல்பவர் இன்னொருவர். சிக்கலான ஏற்பாடுதான், ஆனால் யோசித்துச் செய்த ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். நல அலுவலர் என்று பதிவேட்டில் பெயர் இருப்பவரே காலையில் ரத்த தான முகாம் நடத்திவிட்டு மத்தியானம் சார்ஜ் ஷீட் டைப் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தோழியிடம் இதையெல்லாம் நான் சொன்னபோது சிரித்துவிட்டாள். “நல்லா இருக்குடி. நான் அவருக்குச் சொல்லிட்டேன்னு வை, அடுத்த வாரம் எங்க எம்.டி. என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாரு. உனக்குச் சம்பளம் யார் கொடுக்கறதுன்னு. அதுக்கு 49ஆம் பிரிவுன்னு பதில் சொல்லவா?” அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் தொழிற்சாலையில் 500 பேரும் கிடையாது.

ஏழாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு

தம்பிக்கு விண்ணப்பம் எழுதித் தருவதற்காகச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். படிவம் ‘ஐ’ எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். தேவையான படிவத்தை மட்டும் தேடி எடுத்து நிரப்பிப் பழகிய கை, அன்றைக்கு ஏனோ ஏழாம் பிரிவை முதலிலிருந்து படித்தது. முதல் உட்பிரிவு, தொழிலாளி விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. எல்லாரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாம் உட்பிரிவு இப்படிப் போகிறது: கிராஜுவிட்டி கொடுக்க வேண்டிய நிலை வந்த உடனே, விண்ணப்பம் வந்திருந்தாலும் வராவிட்டாலும், வேலை கொடுத்தவர் தொகையைக் கணக்கிட்டு, பெற வேண்டியவருக்கும் அதிகாரம் பெற்ற அலுவலருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வந்திருந்தாலும் வராவிட்டாலும். பரீட்சைக்கு இதைப் படித்திருப்பேன், அப்போது கண்ணில் படவில்லை. கேட்கிறவரின் பொறுப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததைச் சட்டம் சொல்கிறவரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அதோடு விடவும் இல்லை. தகுதி இல்லை என்று நினைத்தால் காரணத்தை எழுதி மறுப்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதற்கு ‘எம்’ படிவம் என்று தனியாக ஒன்று உண்டு. ‘என்.ஏ.’ என்று இரண்டு எழுத்துப் போடுவதற்குப் படிவம் எதுவும் இல்லை. சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்று விதிகளில் இருக்கிறது. 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. செட்டில்மென்ட் ஷீட்டில் ‘இனி பாக்கி இல்லை’ என்று போட்ட கையெழுத்தால் இந்த உரிமை போய்விடாது.

மறுபடியும் போன் போட்டு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “இதை எந்த ஆடிட்லயும் யாரும் கேட்டதில்லை” என்றாள். அதுவும் உண்மைதான். தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கும் ஆடிட்டர் உண்டு, கழிப்பறையின் எண்ணிக்கையைப் பார்க்கிறவர் உண்டு, ஏற்றுமதி வாடிக்கையாளர் அனுப்பும் ஆள் சம்பளப் பட்டியலைப் புரட்டுவார். நின்று போனவர்கள் பட்டியலை எடுத்து, நான்கரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பவர் யாரும் இல்லை. போனவர் போய்விட்டார்.

பணமில்லாமல் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல கம்பெனிகள் எல்.ஐ.சி.யின் குரூப் கிராஜுவிட்டியில் வருடா வருடம் பணம் கட்டி வைத்திருக்கின்றன. ஐ.டி. பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. ஆஃபர் லெட்டரில் சி.டி.சி., அதாவது ஒருவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று ஒரு பெரிய எண் போடுவார்களே, அதற்குள் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று சேர்த்திருப்பார்கள். பதினைந்தை 26ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் வரும் எண் அது. உன் சம்பளம் இது என்று சொல்லும்போது அந்தத் தொகை கணக்கில் உண்டு. மூன்று வருடத்தில் நிற்கும்போது கணக்கில் இல்லை. சட்டப்படி தவறில்லை. ஆனால் வேலைக்குச் சேர்கிற நாளில் அந்த வரியைக் காட்டி, ‘இது ஐந்து வருடம் இருந்தால்தான்’ என்று வாயைத் திறந்து சொன்ன ஹெச்.ஆர். எத்தனை பேர்?

கேட்கத் தெரியாத கேள்விகள்

இதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. என் கையில் இருக்கும் ஒவ்வொரு விதியையும், இதை எதிரே இருப்பவர் கேட்பாரா என்று பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவற்றைக் கேட்க மாட்டார்கள்.

ஃபவுண்டரிப் பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் கணபதியிலிருந்து அரசூர் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுவார்கள். மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவார்கள், பைக்குக்கு முன்பணம் ஆகும். 19ஆம் படிவம் நிரப்பும்போதே கூட 10சி படிவமும் நிரப்பிவிடுவார்கள், இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைப்பு. 10சி என்பது பென்ஷன் கணக்கு. கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 அங்கேதான் போகிறது. மொத்தம் பத்து வருடப் பணி சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். ஒரு இடத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு அந்தப் பணத்தை எடுத்து, அடுத்த இடத்தில் ஏழு வருடம் இருந்தவருக்குக் கணக்கில் ஏழுதான் நிற்கும். எடுக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றியிருந்தால், அல்லது அந்தப் பணிக்காலத்துக்குச் சான்றான ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்திருந்தால் பதின்மூன்று. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் பைக்தான் வேண்டும் என்றால் அது அவர் இஷ்டம். இருபத்து நான்கு வயதில் யார் வந்து ‘மேடம், 58 வயசுல எனக்கு என்ன வரும்’ என்று கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்று சாவு. எங்கள் யூனிட்டில் வேலையில் இருந்த ஒருவர் வீட்டில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி காரியம் முடிந்து வந்தார், சம்பள பாக்கி வாங்கிக்கொண்டு போக. அவருக்குத் தெரிந்த உரிமை அது ஒன்றுதான். இறந்தவர் எங்களிடம் இருந்தது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் என்பது இறப்புக்குப் பொருந்தாது. பி.எஃபோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை உண்டு, அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை என்பதால் சம்பளச் சீட்டில் அதன் பெயரே வராது. வேலையில் இருக்கும்போது இறந்தவர் பென்ஷன் கணக்கில் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாதப் பென்ஷன் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை தனியாக உண்டு. அந்தம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “இதெல்லாம் கம்பெனி கொடுக்கறதுங்களா, கவர்மென்ட்டுங்களா?” என்று கேட்டார். எங்கிருந்து வருகிறது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாமினேஷன் படிவத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர் அப்படியே இருந்ததால் அதற்குப் பின் நடந்த அலைச்சல் தனிக் கதை. கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து நீட்டும் பையனிடம், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பு நாமினேஷனை மாற்றச் சொல்வது அதிலிருந்து எனக்கு வழக்கமாகிவிட்டது. சிலர் முகம் சுளிப்பார்கள். சுபகாரியம் பேசும்போது சாவைப் பேசுகிறாளே என்று.

இதற்கு நேர் எதிரானதும் நம் ஊரில்தான் நடந்தது. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, பெண் பிள்ளைகளை மூன்று வருடம் பஞ்சாலை விடுதியில் வைத்து, முடிவில் மொத்தமாகப் பணம் என்றார்கள். மூன்றாம் வருடத்தின் கடைசி மாதங்களில் உடம்புக்கு முடியாமலோ வேறு காரணத்தாலோ வெளியேறி, அந்தப் பணத்தை இழந்த பெண்களைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. தேதியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

இன்னும் மூன்று வாரம்

இவ்வளவு எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. தோழிதான் அதைப் பிடித்தாள். தம்பியின் விஷயம் முடிந்த பிறகு (பதிவுத் தபாலில் விண்ணப்பம் போனது, அவர்களுடைய ஆலோசகர் தீர்ப்பைப் பார்த்தார், பணம் வந்தது, வட்டியை அவன் கேட்கவில்லை, கேன்டீன் பாக்கி 340 திரும்ப வரவே இல்லை) ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டோம். “உன் ஏழாம் பிரிவு சேர வேண்டிய நிலை வந்த பிறகுதானே பேசுது? நான் ஒண்ணு கேட்கறேன். ஒருத்தன் நாலு வருஷம் ஏழு மாசம் சொச்சத்துல ராஜினாமா கொடுக்கறான். இன்னும் மூணு வாரம் இருந்தா 240 நாள் ஆகிடும். இருக்கச் சொல்லி நீ சொல்லுவியா?”

இங்கே சட்டம் எனக்குத் துணைக்கு வராது. சேராத பணத்தைப் பற்றி அறிவிப்புக் கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. சொன்னால் கம்பெனிக்கு 45,000 செலவு, அதை ஏற்படுத்தியது நான். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, என்றைக்கும் யாருக்கும் தெரியாது. அவன் நாளைக்கே போகட்டும் என்று சொல்லி ரிலீவிங் லெட்டரைச் சீக்கிரம் கொடுத்தால், நல்ல மேடம் என்று கும்பிட்டுவிட்டுப் போவான்.

சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கேட்டால் மீட்டிங்கில் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: மூன்று வாரம் கூடுதலாக இருந்தால் வேலையை அடுத்தவருக்குப் பழக்கிவிட்டுப் போவார், இருப்பவர்களுக்குக் கம்பெனி மேல் நம்பிக்கை வரும், வெளியே நல்ல பெயர். லாபக் கணக்காகச் சொன்னால்தான் அந்த அறையில் காது கொடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான். உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. அவருடைய சேர்ந்த தேதி என் பதிவேட்டில் இருக்கிறது. கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியும். அவர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும்போது இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்க்கிறோம், எனக்கு மட்டும் அதில் ஒரு வரி கூடுதலாகத் தெரிகிறது. அந்த வரியைத் தெரிந்துகொண்டே ‘சரிங்க, ஆல் தி பெஸ்ட்’ என்று சொல்ல எனக்கு வராது. மற்றவர்களுக்கு வருகிறது. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைப்பதில்லை. என்னை எல்லாரையும்விட நல்லவள் என்று நினைக்கவும் எனக்குத் தைரியம் இல்லை, வீட்டுக் கடன் முடிந்தவள் என்பது வேண்டுமானால் வித்தியாசம்.

இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணிக்கொடைச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்பது பெரிய மாற்றம். நின்றவரின் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துக் கொடு என்கிறது ஊதியத் தொகுப்பு. ஹெச்.ஆர். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஒரு பி.டி.எஃப்., ஆளுக்கொரு விளக்கம், சி.டி.சி.யை எப்படிப் பிரித்தால் சமாளிக்கலாம் என்ற ஆராய்ச்சி. நான் முதலில் தேடிப் பார்த்தது ‘வந்திருந்தாலும் வராவிட்டாலும்’ என்ற வரி இருக்கிறதா என்றுதான். இருக்கிறது, 56ஆம் பிரிவில்.

எங்கள் கம்பெனியில் ராஜினாமாவை ஏற்கும் கடிதத்தோடு ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் இணைக்க அனுமதி கேட்டிருந்தேன். பி.எஃபை மாற்றுவது எப்படி, 10சி போட்டால் என்ன போகும், கிராஜுவிட்டிக் கணக்கு, இ.எஸ்.ஐ. எதுவரை ஓடும், சந்தேகம் இருந்தால் எங்கே போய்க் கேட்பது. எங்கள் எம்.டி. நல்ல மனிதர், வரி வரியாகப் படித்தார். எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர் ஒன்றில் மட்டும் நிறுத்தினார். ‘உங்கள் பணி இன்னும் இத்தனை நாள் தொடர்ந்தால் கிராஜுவிட்டிக்குத் தகுதி பெறுவீர்கள்’ என்று நாளை எழுத இடம் விட்டிருந்த வரி. “நிக்கறவனுக்கு நாமளே வழி சொல்லிக் கொடுக்கணுமாம்மா?” என்றார். அதை எடுத்துவிட்டு அச்சடிக்கச் சொன்னார். எடுத்துவிட்டு அச்சடித்தேன்.

போன மாதம் மெஷின் ஷாப்பிலிருந்து ஒருவர் ராஜினாமா கொடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினெட்டு நாள் குறைகிறது. கூப்பிட்டு வாயால் சொன்னேன். சொல்லிவிட்டதை எம்.டி.யிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் பேசவில்லை. மெஷின் ஷாப்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “புது பேட்ச் பசங்க வர்ற வரைக்கும் ஆளைப் பிடிச்சு வைக்கறதுக்குத்தானுங்க மேடம் இதைச் சொல்றீங்க?” என்றார். இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. யூனியன் ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.